பிழை திருத்தும் அதிகாரம்

நாளைய வானிலையை நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒரு பிழையும் இல்லாமல் அறிவித்துவந்த ஓர் அலுவலகம் இருந்தது. பதினோரு ஆண்டுகளாக அதன் முன்னறிவிப்பு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. இந்தச் சாதனைக்காக வழங்கப்பட்ட கேடயம் இயக்குநரின் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

சாதனையின் காரணம் எளிமையானது. தினமும் மாலை ஆறு மணிக்குக் காற்றின் வேகம், ஈரப்பதம், அழுத்தம் முதலிய அளவுகளை வானிலைக் கணிப்பாளர் கணினியில் ஏற்றுவார். மறுநாள் வானிலையைக் கணக்கிட்டு முடிக்க அந்தக் கணினிக்கு இருபத்து மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே, நாளை எப்படி இருக்கும் என்பது நாளை மாலை ஐந்து மணிக்குத் தெரியவரும். அந்த நேரத்தில் எந்த அலுவலகத்திலும் எந்தக் கோப்பும் நகராது. அடுத்த நாள் காலையில் அலுவலகக் கண்காணிப்பாளர் முற்றத்துக்குச் சென்று மழைமானியைப் பார்ப்பார். கணக்கு "மழை பெய்யாது" என்று சொல்லி, மழைமானியில் தண்ணீர் இருந்தால், "பெய்யாது" என்பதில் "யாது" என்னும் பகுதியை அடித்துவிட்டு, "யும்" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவார். முன்னறிவிப்பு எதிர்காலத்தில்தான் அமைய வேண்டும் என்பது விதி. எனவே, "நேற்றுப் பிற்பகலில் மிதமான மழை பெய்யும்" என்ற அறிக்கை பத்து மணிக்கு வெளியாகும்.

இந்தக் கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் கமா சார் என்று பெயர். அவரிடம் போன எந்தக் காகிதமும் ஒரு காற்புள்ளியாவது கூடாமல் திரும்பியதில்லை. திருத்தம் என்பது அவருடைய வேலை மட்டுமன்று, அதிகாரம். பணி விதிகளில், "எந்தத் திருத்தமும் கண்காணிப்பாளரின் சுருக்கொப்பமின்றிச் செல்லாது" என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வரிக்கு அவர் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, அடிக்கோட்டுக்கும் சுருக்கொப்பமிட்டிருந்தார்.

கணிப்பாளர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, கணிதம் படித்தவர். அவருடைய கணவர் சலவைக் கடை நடத்துபவர். கடையின் மொட்டைமாடியில் நாளொன்றுக்கு இருநூறு விரிப்புகள் காய வேண்டும்.

"ஏம்மா, நாளைக்கு வெயில் அடிக்குமா?" என்று அவர் சாப்பிடும்போது கேட்பார்.

"நாளன்னைக்குச் சொல்றேங்க."

"சரி, மறக்காம சொல்லு" என்பார் அவர். பழகிப்போன குடும்பம்.

இப்படியிருக்கையில், தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த செயலர் ஒருவர், நேற்றைய அறிக்கையை நம்பி இன்று வெளியே போய் நனைந்துவிட்டார். மறுவாரமே குறிப்பாணை வந்தது. ஒரு நாளின் வானிலையை அந்த நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அதற்கெனப் புதிய கணினி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். இந்த மாத இறுதிக்குள் அவ்வாறு ஓர் அறிவிப்பேனும் வெளியாகவில்லையெனில், கணிப்புப் பிரிவு கலைக்கப்படும். கணிப்பாளர் எழுதுபொருள் கிடங்குக்கு மாற்றப்படுவார். அந்தக் கிடங்குக்குப் போய்ச் சேர இரண்டு ரயில் மாற வேண்டும்.

கணிப்பாளர் அன்றே ஒரு விற்பனையாளரை வரவழைத்தார். இயக்குநரின் அறையில் கூட்டம் கூடியது. கணினியின் மூளையாகிய பிராசஸரில் இரண்டு வகை உண்டு என்று விற்பனையாளர் விளக்கினார். ஒன்று, டெஸ்க்டாப் வகை. மற்றொன்று, பெரிய கணக்குகளுக்கென்றே செய்யப்பட்ட, சர்வர் வகுப்பைச் சேர்ந்த வொர்க்ஸ்டேஷன் வகை.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "சர்வர்னா ஓட்டல்ல பரிமாறுறவர். டெஸ்க்டாப்னா மேசை. மேசை வேணுமா, பரிமாறுறவர் வேணுமான்னு கேக்கறீங்க. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க ஐயா" என்றார் விற்பனையாளர். அவர் எந்த அதிகாரியையும் மறுத்துப் பேசி அறியாதவர்.

கணிப்பாளர் பொறுமையாகக் குறுக்கிட்டார். "ஐயா, டெஸ்க்டாப்புல எட்டு கோர். கோர்னா வேலை செய்யற ஆள்னு வெச்சுக்குங்க. எட்டுப் பேரும் வேகமானவங்க. சர்வர் வகுப்புல முப்பத்திரண்டு பேர். ஒவ்வொருத்தரும் கொஞ்சம் மெதுவா..."

"முப்பத்திரண்டு பேர், எல்லாரும் மெதுவா" என்று இயக்குநர் குறித்துக்கொண்டார். "அதுக்கு எதுக்கும்மா புதுசா வாங்கணும்? அதான் ஏற்கெனவே இந்தக் கட்டடத்துல இருக்கே?"

"அவங்க சேர்ந்து வேலை செய்வாங்க ஐயா."

"ஓ" என்றார் இயக்குநர். அது தமக்குப் புதிய செய்தி என்பதை அவர் மறைக்கவில்லை.

"டெஸ்க்டாப் ஏழு மணி நேரத்துல கணக்கை முடிச்சிடும். சர்வர் வகுப்பு மூணு மணி நேரம். எதை வாங்கினாலும் பொழுது விடியறதுக்குள்ள அறிவிச்சிடலாம். எனக்கு எதுவா இருந்தாலும் சரி. இந்த மாசமே வேணும், அவ்வளவுதான்."

கூட்டம் இந்த இடத்தில் முடிந்திருக்கலாம். ஆனால் விற்பனையாளருக்கு விலை கூடியதை விற்க வேண்டும் என்ற ஆசை. "இன்னொண்ணுங்க. சர்வர் வகுப்புல போடற மெமரி தன்னோட பிழையைத் தானே திருத்திக்கும்" என்றார்.

அதுவரை காகிதத்தில் காற்புள்ளி வைத்துக்கொண்டிருந்த கமா சார் நிமிர்ந்தார்.

"என்ன பண்ணும்?"

"எப்பவாவது மெமரியில ஒரு பூஜ்யம் ஒண்ணா மாறிடும் சார். இது அதைக் கண்டுபிடிச்சு மறுபடி பூஜ்யமாக்கிடும்."

"யார் உத்தரவுல?"

"உத்தரவா? அதுவா பண்ணிடும் சார். கண்மூடித் திறக்கறதுக்குள்ள."

"கண்ணை மூடினா நான் எப்படிப் பார்க்கறது? சரி, திருத்தின இடத்துல சுருக்கொப்பம் யாரோடது?"

விற்பனையாளர் விலைப்பட்டியலைப் புரட்டி அந்த வசதியைத் தேடினார்.

"பதினோரு வருஷமா இந்த ஆபீஸ்ல ஒரே ஒருத்தருக்குத்தான் திருத்தற அதிகாரம்" என்றார் கமா சார். "நான் ஒரு எழுத்தை மாத்தணும்னா முற்றம் வரைக்கும் நடக்கறேன். இது உட்கார்ந்த இடத்துலேயே மாத்துமா? நாளைக்கு என் இன்கிரிமென்ட்டையும் பூஜ்யமாக்கினா?"

"அப்ப டெஸ்க்டாப்பே வாங்கிடலாம் சார்" என்றார் கணிப்பாளர். "சாதாரண டெஸ்க்டாப் மெமரி எதையும் திருத்தாது."

"பிழை வருமா?"

"எப்பவாவது வரலாம் சார். ரொம்ப அபூர்வம்."

"வரும்னு தெரிஞ்சே வாங்கினோம்னு ஆகும். தணிக்கையில கேட்டா நீங்க பதில் சொல்றீங்களா?"

இவ்வாறு அறிவார்ந்த ஒரு முட்டுச்சந்தை அலுவலகம் அடைந்தது. ஒரு கணினி அனுமதியின்றிப் பிழையைத் திருத்துவது. மற்றது அனுமதியின்றிப் பிழையை வைத்துக்கொள்வது. கோப்பு பதினான்கு நாள்கள் மேலும் கீழும் நடந்தது. அதற்குள் "கோர்" என்ற சொல் நடைக்கூடத்தில் நாகரிகமாகிவிட்டது. தட்டச்சர் தமக்குப் பிடிக்காத மைத்துனரை "ஒத்தைக் கோர் ஆள்" என்றார். தேநீரும் கோப்பும் ஒரே தட்டில் கொண்டுவந்த ஊழியர், தாம் இரண்டு கோர் என்பதால் பதவி உயர்வு வேண்டும் என்று விண்ணப்பித்தார். இயக்குநருக்கும் ஒரு சந்தேகம் எழுந்தது. கணிப்பாளரை உடன் வைத்துக்கொண்டு விற்பனையாளரைக் கேட்டார்.

"என் மேசையில இருக்கிற கம்ப்யூட்டர்ல எத்தனை கோர்?"

"நாலுங்க ஐயா."

"இந்தம்மா மேசையில முப்பத்திரண்டா?"

"ஆமாங்க ஐயா" என்றார் விற்பனையாளர். பிறகு இயக்குநர் தம் கையாலேயே ஆணை எழுதினார். முதல் வகுப்பில் பயணம் செய்யத் தகுதியுள்ள அதிகாரி தலைமை தாங்கும் அலுவலகம், வகுப்பில்லாத பிராசஸரை வாங்குவது பொருந்தாது. ஆகவே சர்வர் வகுப்பே வாங்கப்படும். அது இயக்குநரின் அறையில் கேடயத்துக்கு அருகில் வைக்கப்படும். விசைப்பலகையும் திரையும் மட்டும் சுவரில் துளையிட்டுக் கணிப்பாளரின் அறைக்குக் கொண்டுசெல்லப்படும். கண்காணிப்பாளரின் அதிகாரம் குறையாதவாறு விற்பனையாளர் தக்க ஏற்பாடு செய்து தருவார்.

விற்பனையாளர் செய்தும் தந்தார். கணக்கு எழுபத்திரண்டு படிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு படியின் முடிவிலும் கணினி நின்று, ஒரு சீட்டை அச்சிடும். பிழை திருத்தப்பட்டிருந்தால் அதன் விவரம்; இல்லையெனில், "இந்தப் படியில் பிழை ஏதும் இல்லை" என்ற இன்மை அறிக்கை. கமா சார் சீட்டைப் படித்துச் சுருக்கொப்பமிட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த படி தொடங்கும்.

முதல் நாள் மாலை ஆறு மணிக்குக் கணக்கு தொடங்கியது. இரண்டரை நிமிடத்தில் முதல் சீட்டு வந்தது. கமா சார் ஐந்தே முக்காலுக்கே வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து, எழுபத்திரண்டு சீட்டுகளிலும் காற்புள்ளி வைத்து, சுருக்கொப்பமிட்டு முடித்தபோது மாலை ஐந்து. மொத்தம் இருபத்து மூன்று மணி நேரம்.

"பார்த்தீங்களா?" என்றார் அவர், களைப்பும் திருப்தியுமாக. "பழைய கம்ப்யூட்டருக்கு இது ஒரு நிமிஷம்கூட இளைச்சதில்ல."

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில், கணிப்பாளர் வீட்டில் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். நான்கு நாள் இருக்கையில் கமா சாருக்குப் பல்வலி வந்தது. மூன்று நாள் விடுப்பு எடுத்தார். விதிப்படி அவருடைய பணி கணிப்பாளருக்குக் கூடுதல் பொறுப்பாக வந்து சேர்ந்தது. பணியோடு, திருத்தும் அதிகாரமும், சுருக்கொப்பமிடும் உரிமையும், அந்தப் பொத்தானும் வந்தன.

அன்று மாலை ஆறு மணிக்குக் கணிப்பாளர் பொத்தான் அருகிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒன்பது மணிக்கு அறிக்கை தயாராகி, உடனே வெளியானது. "நாளைக் காலை கனமழை பெய்யும்." பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக, அந்த வாக்கியத்தில் இருந்த எல்லாச் சொற்களும் ஒரே திசையில் நின்றன.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னார். "என்னங்க, நாளைக்கு மாடியில துணி போடாதீங்க. மழை வருது."

"உங்க ஆபீஸ்ல நாளைக்குன்னா நேத்துதானே? நேத்து பெய்ஞ்சுதான் முடிஞ்சுதே" என்று சொல்லி அவர் இருநூறு விரிப்புகளையும் காயப் போட்டார். ஊரும் அப்படியே எண்ணிக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனது. சொன்னபடி மழை கொட்டியது. இரண்டாம் நாள், "வெயில் அடிக்கும்" என்றார் கணிப்பாளர். அடித்தது. ஊர் திகைத்தது. மூன்றாம் நாள் மறுபடியும் கனமழை என்றார். இம்முறை ஊரே நம்பியது. எல்லாரும் குடையோடு கிளம்பினார்கள். கணவர் ஒரு விரிப்பைக்கூட மாடிக்கு ஏற்றவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. காயாத இருநூறு விரிப்புகள் கடைக்குள் நாறின.

குறிப்பாணையின்படி ஒன்றுக்கு மூன்றாக முன்னறிவிப்பு வெளியாகிவிட்டதால், பிரிவு தப்பியது. ஆனால் அடுத்த குறிப்பாணை உடனே வந்தது. பதினோரு ஆண்டு பிழையற்ற வரலாற்றில் முதல் பிழை நேர்ந்தது எப்படி? அது நேர்ந்தபோது திருத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது? கண்காணிப்பாளரின் சுருக்கொப்பம் வேண்டிய இடத்தில் காணப்படுவது யாருடைய சுருக்கொப்பம்? பொறுப்பானவரை எழுதுபொருள் கிடங்குக்கு மாற்ற உத்தேசிக்கப்பட்டுள்ளது.

அன்று மாலை கணிப்பாளர் கடைக்குப் போனபோது, துணி மடிக்கும் பலகையின்மேல் ஒரு மனு விரித்து வைக்கப்பட்டிருந்தது. வெயிலில் குடை சுமந்த பொதுமக்களின் கோரிக்கை மனு. வானிலை நடந்து முடிந்து உறுதியான பிறகே அறிவிக்கும் பழைய நல்ல முறை தொடர வேண்டும் என்றும், அம்முறையில் நெடுங்காலம் பழகிய கணிப்பாளரையே அப்பணியில் வைத்திருக்க வேண்டும் என்றும் அது கேட்டுக்கொண்டது. முதல் கையெழுத்து கணவருடையது.

"நீங்களா?"

"தெருவே போட்டுச்சு. நான் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்? மனுவை ஏத்துக்கிட்டா உன் மாறுதலும் ரத்தாம். பல் கட்டோட உங்க கமா சாரே வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போனாரு."

"முன்னாடியே சொன்னா உங்களுக்குத்தானேங்க நல்லது? மூணுல ரெண்டு சரியா சொன்னேனே?"

"சொன்னே. இல்லைன்னு சொல்லலை." அவர் ஒரு விரிப்பை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "ஆனா நீ சொன்னா நான் நம்பணும். நம்பினா துணியை எடுக்கணும். எடுத்தப்புறம் வெயில் அடிச்சா உன்மேல கோபம் வருது. முன்னெல்லாம் எனக்கு வானத்து மேலதான் கோபம். வானத்தோட நான் குடும்பம் நடத்தலையேம்மா."

கணிப்பாளர் அந்த வாதத்தை ஒரு கணக்கைப்போல மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் சரிபார்த்தார். இரண்டு ரயில்களையும் நினைத்துப் பார்த்தார். மனுவின் கடைசி வரி காலியாக இருந்தது. பேனாவை எடுத்துப் பெயரை எழுதினார், முகவரியை எழுதினார். தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் சற்றே யோசித்துவிட்டு, தெளிவான கையெழுத்தில், "பொதுமக்கள்" என்று எழுதினார்.