ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள்

"ஆரம்பிச்சிட்டா கதவைச் சாத்திடுவாங்களாம். அப்புறம் யாரா இருந்தாலும் உள்ள விட மாட்டாங்களாம்," என்றாள் மனைவி, இத்தாலிய உணவகத்தின் மெனுவைப் புரட்டியபடி.

பல் டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

எதிரே இருந்த அரங்கத்தில் ஏழு மணிக்கு மைத்துனனின் நாடகம். எழுத்து, இயக்கம், நடிப்பு மூன்றும் அவனே. ஒத்திகைக்கு இடம் கிடைக்காமல், டாக்டரின் கிளினிக்கிலேயே ஒருநாள் நடித்துக் காட்டினான். பல்வலியோடு காத்திருந்தவர்கள், வலியே தேவலாம் என்று எழுந்து போய்விட்டார்கள். இதை வீட்டில் சொல்ல முடியுமா? தம்பி என்றால் அவளுக்கு உயிர். போன நாடகத்தில் லேசாகக் குறட்டை விட்டதற்கே டாக்டர் ஒரு வாரம் சுவரோடு பேச வேண்டி வந்தது. இந்தத் தடவை பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது.

எதிரில்தான் சாப்பிடுகிறோம், முடித்ததும் வந்துவிடுவோம் என்று அவள் தம்பிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் சர்வரைப் பக்கத்தில் அழைத்தார்.

"இருக்கறதுலயே எது ரொம்ப லேட்டாகும்?"

"ரிசோட்டோ சார். அரிசியை நின்னு கிளறிக்கிட்டே இருக்கணும்."

"அதுவே ரெண்டு."

சர்வர் நல்லவன். அதுதான் வினை. மேசைமேல் இருந்த டிக்கெட்டுகளைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கிளறிக்கொண்டிருந்ததை இவர்களுக்குத் திருப்பிவிட்டான். டாக்டர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தட்டு வந்துவிட்டது. வண்டிச் சக்கரம் அகலத் தட்டு. நடுவில் ஒரு கை சோறு.

உப்பு இல்லை என்றார் டாக்டர். சமையல்காரரே வெளியே வந்தார். முழங்கை வரை பச்சை குத்தியிருந்த அந்த ஆஜானுபாகு, கண் கலங்கி உள்ளே போய், புதிதாக ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு வாய்க்கும் "எப்படி சார்?" என்று கேட்டார். அவர் நின்ற நிலையைப் பார்த்து, டாக்டர் மென்றும் மெல்லாமலும் விழுங்கித் தீர்த்தார்.

"அப்பாடா, இன்னும் நேரம் இருக்கு," என்றாள் மனைவி.

வேறு வழியில்லை. டாக்டர் தக்காளிச் சாஸ் கிண்ணத்தைத் தன் சட்டைமேல் தானே கவிழ்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள், அந்த நல்லவன் உள்ளே ஓடி, சர்வர்கள் போடும் கறுப்புச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான்.

கழிவறையில் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பியவரை வழியில் ஒரு குடும்பம் மடக்கி ஆர்டர் எடுக்கச் சொன்னது. டாக்டருக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டார். ஐஸ்கிரீம் கேட்ட பெரியவரை வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாயில் சொத்தை இருப்பதாகச் சொல்லி, சூப்போடு நிறுத்தினார். பெரியவர் சண்டைக்கு வந்தார். சமாதானம் செய்து முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழரை.

டாக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். அவள் கண் நிறைந்திருந்தது.

"போச்சு. கதவைச் சாத்தியிருப்பாங்க," என்றாள்.

டாக்டரின் உள்ளம் துள்ளியது. ஆனால் வந்த வேலையை அரைகுறையாக விட அவருக்கு மனமில்லை.

"எனக்கு மட்டும் வருத்தமில்லையா? முதல் வரிசையில உட்கார்ந்து, ஒரு வசனம் விடாம கேக்கணும்னு இருந்தேன். விடிய விடிய நடிச்சாலும் அசைஞ்சிருக்க மாட்டேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவரைத் தப்பாகவே நினைத்துவிட்டோமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டருக்கே கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது.

பில் கொண்டுவந்த சர்வர், இருவரின் முகத்தையும் பார்த்துப் பதறிப்போனான்.

"அழாதீங்கம்மா, மொத்தமே உங்க ரெண்டு டிக்கெட்தான் வித்திருக்காம், நீங்க வந்தாதான் ஆரம்பிப்பாங்களாம்; சும்மா காத்திருக்கற நேரத்துல, வெட்டின காட்சியையெல்லாம் மறுபடியும் சேர்த்துட்டதா இப்பதான் உங்க தம்பி எங்க ஹோட்டலுக்குப் போன் பண்ணாரு."