வீடு தானே மூச்சு விடும்

புது வீட்டுக்குப் போனவனிடம் வீட்டைப் பற்றி மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அவன் லேசில் விடமாட்டான். நான் கேட்காதவர்களையும் விட்டதில்லை.

எசன் நகரத்தின் ஓரத்தில், பழைய தொழிற்சாலை நின்ற நிலத்தில் ஒரு குடியிருப்புக் கட்டினார்கள். இந்த ஊர்க் குளிரில் எரிவாயு எரிக்காமல் சனத்தை வாழவைத்துக் காட்டுவதுதான் நகரசபையின் எண்ணம். வீட்டுச் சூடு நிலத்துக்கு அடியிலிருந்து வரும். கூரையில் புல்லும் சூரியத் தகடும். சூடு தப்பியோடாதபடி கதவு, சன்னல் எல்லாம் அப்படியொரு இறுக்கம். வெளிக்காற்றை ஒரு மெஷின் இழுத்து, இளஞ்சூடாக்கி, வீடுவீடாகப் பிரித்துக் கொடுக்கும். அதில் ஒரு வீடு எங்களுக்குக் கிடைத்ததும் நான் பாதி இன்ஜினியர் ஆகிவிட்டேன். (முழுநேர வேலை பேக்கரியில் மாக் குழைப்பது.) "எங்கடை வீடு தானே மூச்சு விடும்" என்று கலியாண வீட்டிலும் சொன்னேன், செத்த வீட்டிலும் சொன்னேன்.

என் மனைவி சுமதிக்கு இருந்தது ஒரே ஆசை. ஹம் நகரத்தில் தனியே இருந்த தன் அம்மாவை எங்களோடு கூட்டி வந்துவிட வேண்டும். மாமி லேசில் மசியவில்லை.

"முதல்லை பால் காய்ச்சிப் பாப்பம். நல்ல நேரத்துக்குள்ளை வடிவாப் பொங்கி வழிஞ்சால் வாறன். இல்லாட்டி என்னை என்ரை பாட்டுக்கு விடுங்கோ."

தை மாதம். வெளியே மூக்கு விறைக்கிற குளிர். மாமி பட்டுச்சேலையோடு ரயிலில் வந்து இறங்கினார். ஒரு கையில் புது மண்பானை, மறு கையில் சாம்பிராணித் தணலுக்கு ஒரு பை தேங்காய்ச் சிரட்டை. எங்கள் சடங்கைப் பார்க்கட்டும் என்று கீழ்வீட்டுக் கெல்லர் அம்மாவையும் கூப்பிட்டிருந்தேன். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

பானையை அடுப்பில் வைத்தோம். அடுப்பு கீச்சிட்டது, சிமிட்டியது, அணைந்தது.

"என்ன தம்பி, அடுப்புக்குச் சுகமில்லையோ?"

"இது காந்த அடுப்பு மாமி. மண்பானையிலை வேலை செய்யாது."

"நெருப்பும் இல்லை, மண்பானையும் ஏலாது. பிறகேன் இதுக்கு அடுப்பெண்டு பேர்?"

சுமதி இரும்புச் சட்டியை எடுத்தாள். "சோறு காய்ச்சிற சட்டியிலை பால் காய்ச்சினால் அது தேத்தண்ணிக்குத்தான்" என்று மாமி தடுத்துவிட்டார். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. சுமதியின் கண் கலங்கிவிட்டது. புத்தியுள்ளவன் இந்த இடத்தில் பேசாமல் இருந்திருப்பான்.

நான் பல்கனிக்குப் போனேன். கட்டட வேலைக்காரர் விட்டுப்போன கற்களை அடுக்கி, சிரட்டையைப் போட்டு, கற்பூரத்தால் மூட்டி, பானையை ஏற்றினேன். "புகை உள்ளுக்கு வரும் தம்பி" என்றார் மாமி. "இந்த வீட்டுக்குள்ளை ஒரு ஈ, இலையான்கூட வராது" என்று உள்ளே வந்து கதவை இறுக்கிச் சாத்தினேன்.

புகை வந்தது. கதவால் இல்லை, மேலே இருந்த காற்றுத் துவாரத்தால், நேரே மாமியின் தலைக்கு மேல். அந்த மெஷின் காற்றை இழுக்கிற வாய் எங்கள் பல்கனிக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்ததாம். வீடு மூச்சு விடும் என்று ஊரெல்லாம் அளந்தவனுக்கு, விடுவதற்கு முதல் இழுக்கவேண்டும் என்பது தோன்றவில்லை.

எல்லா வீட்டுப் புகைமணியும் சேர்ந்து அலறியது. மெஷின் நீதி தவறாமல் புகையைச் சமமாகப் பங்கிட்டிருந்தது. மொத்தக் குடியிருப்பும் வீட்டுச் செருப்போடு முற்றத்தில் நின்று இருமியது. ஒருவர் குளியல் துவாயோடு நடுங்கினார். மாமி பட்டுச்சேலைக்கு மேலே கெல்லர் அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். சுமதி என் பக்கமே திரும்பவில்லை. தீயணைப்பு வண்டியும் வந்து சேர்ந்தது.

"என்ன எரியுது?" என்று கேட்டார் தீயணைப்பு வீரர்.

"பால் காய்ச்சுறம்" என்றேன்.

அவர் இன்னொருவரிடம் கேட்கலாமா என்பதுபோலச் சுற்றிப் பார்த்தார். அப்போது மாமி அண்ணாந்து கையை நீட்டினார்.

"பிள்ளை, அங்கை பார்."

பல்கனிக் கம்பிகளுக்கு நடுவே வெள்ளை நுரை எழும்பியது. பானையைச் சுற்றி வழிந்தது. நெருப்பில் விழுந்து சீறியது. புகை மெலிந்து நின்றே போனது. மேலே ஓடிப்போன வீரர் வெறுங்கையோடு இறங்கி வந்து, அது அணைந்துவிட்டது என்றார்.

"நேரம் இருக்கோ?" மாமி கேட்டார்.

சுமதி போனைப் பார்த்தாள். "ஓம் அம்மா, இன்னும் கிடக்கு."

"நெருப்பு அணைக்கிற ஆக்கள் வந்து நிக்க, பால் தானே பொங்கி அணைச்சிருக்கு. இதுக்கு மேலை என்ன சகுனம் வேணும்? நான் வாறன்."

சுமதி அந்தக் குளிருக்குள் நின்று அழுதாள். புகையால் அழுகிறாள் என்று நினைத்து அயலட்டைச் சனம் இன்னும் கோபமாக என்னைப் பார்த்தது. அடுத்த நாள் வடையோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினேன்.

மாமி இப்போது எங்களோடுதான். மற்றக் குளிர் நகரங்களிலிருந்து இந்தக் கட்டடத்தைப் பார்க்க ஆட்கள் வரும்போது, கெல்லர் அம்மா சூரியத் தகட்டுக்கு முதலே எங்கள் பல்கனிச் சுவரின் கரியைத்தான் காட்டுகிறார். நானோ எந்த விசேஷத்துக்குப் போனாலும் "எங்கடை வீடு இருக்கே" என்று தொடங்கினால் போதும், சொந்தக்காரர் எல்லோரும் ஒன்றாக இருமுவார்கள். தொடக்கி வைப்பது மாமிதான்.