ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சுத்தியல்

நாலாவது அடியிலும் பன் உடையவில்லை. ஓட்மார் சுத்தியலை இன்னும் கொஞ்சம் உயரமாக ஓங்கினார்.

இறைச்சி உருண்டையில் பழைய பன் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. எப்படிச் சேர்ப்பது என்பது நினைவில்லை. முப்பது வருஷமாக மனைவி ரோஸ்விதா அதை அவர் கண்ணெதிரில்தான் செய்தாள். அவர் கண்தான் எப்போதும் பேப்பரில் இருந்தது.

அடுத்த அடி விழுந்ததும் மேல்வீட்டு பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"ஓட்மார் ஐயா! இன்னைக்கு ஞாயித்துக்கிழமை!"

தெற்கு ஜெர்மனியில் எங்கள் எஸ்லிங்கன் ஊரில் பொய் சொன்னவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். சத்தமே கூடாத ஞாயிற்றுக்கிழமையில் சுத்தியலைத் தொட்டவனை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். ஓட்மார் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தன் பால்கனிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். மேல்வீட்டு ஹெட்விக் கம்பிமேல் சாய்ந்து நின்றிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க, ஹெட்விக் அம்மா. பன்னை உடைச்சிட்டிருந்தேன்."

"பன்னையா? எதுக்கு?"

"சமைக்கத்தான்."

ஹெட்விக் விறுவிறுவென்று உள்ளே போனாள். புகார் எழுதத்தான் போகிறாள் என்று ஓட்மார் நினைத்தார். ஆனால் போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"வெதுவெதுப்பான பால்ல ஊற வைங்க. ஊறினதும் பிழிஞ்சு எடுங்க. சுத்தியலை உள்ள வைங்க முதல்ல."

ஓட்மார் ஓடிப்போய் பன்னைப் பாலில் போட்டார். இன்று சமையல் கெட்டால் சாப்பாடு மட்டும் கெடாது, குடித்தனமே கெட்டுவிடும்.

ரோஸ்விதா மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கருங்காட்டுப் பக்கம் ஒரு மருத்துவ விடுதியில் தங்கி நடைப்பயிற்சி எடுத்துவிட்டு இன்று மதியம் திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு பேச்சு வந்தது. "உன் சமையல்ல அப்படி என்ன இருக்கு? கிழங்கை அவிக்கிற, கறியைப் பொரிக்கிற. யார் வேணா செய்யலாம்" என்று ஓட்மார் வாயை விட்டுவிட்டார். மனுஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைக் குறை சொல்லியே காலத்தை ஓட்டியவர். வீட்டிலும் அந்த சீட்டை விட்டு இறங்கியதில்லை.

ரோஸ்விதா சண்டை போடவில்லை. "சரி. நான் திரும்பி வர்ற அன்னைக்கு நீ சமைச்ச சாப்பாடு மேஜை மேல இருக்கணும். உருளைக்கிழங்கு சாலட், இறைச்சி உருண்டை. இல்லேன்னா பெட்டியோட அப்படியே வடக்கே பிரேமன்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். பேச்சுக்குச் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கிழங்கைத் தோலோடு அவித்து, சூட்டோடு உரித்து, வில்லை வில்லையாக அரிந்து, கொதிக்கிற எலும்புச் சாறும் வினிகரும் ஊற்றி ஊறவிட வேண்டும். மயோனைஸ் போடுவதெல்லாம் வடக்கத்திக்காரர்கள் வேலை. அந்தப் பேச்சை எடுத்தாலே எங்கள் பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். இவ்வளவும் ஓட்மாருக்குத் தெரியும். மாவுக் கிழங்கு வேறு, கெட்டிக் கிழங்கு வேறு என்பது மட்டும் தெரியாது. கடையில் எந்தப் பை அழகாக இருந்ததோ அதை எடுத்து வந்திருந்தார்.

முதல் கிழங்கில் கத்தியை வைத்ததுமே பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. விரல்கள் சிவந்துபோயின. "அடச்சே, இவ எப்படி இதை ஊதாமக்கூட உரிச்சா!" என்று வியந்தபடி கையை உதறினார்.

சாறு ஊற்றினால் எல்லாம் சேர்ந்துகொள்ளும் என்று ஊற்றினார். சேர்ந்துதான் கொண்டது, களியாக. ருசி பார்த்தார், சப்பென்று இருந்தது. வினிகரைக் கவிழ்த்தார். பல் கூசியது. அதை அடக்க மறுபடி சாறு ஊற்றினார். இப்போது சாலட்டைக் கரண்டியால் மொண்டு எடுக்கலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது, வேறு கிழங்குக்கு எங்கே போவது?

கைபேசி அடித்தது. ரோஸ்விதா.

"ரயில் தாமதம். எஞ்சின்ல ஏதோ கோளாறாம்."

"பரவாயில்ல, பரவாயில்ல! மெதுவாவே வா!"

"என்ன, குரல்ல இவ்வளவு சந்தோஷம்?"

"சந்தோஷமா? சேச்சே, கவலைதான். எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னாங்க?"

"உனக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"எனக்கா? எனக்கெல்லாம் எப்பவோ ரெடி!"

வாழ்க்கையில் முதல்முறையாக ரயில்காரர்களை அவர் மனசார வாழ்த்தினார்.

ஊறிய பன்னைக் கறியில் போட்டார். வெங்காயம், முட்டை, கடுகு விழுது எல்லாம் போட்டார். பிழிய மட்டும் மறந்துவிட்டார். சட்டியில் வைத்த உருண்டைகள் கால்நீட்டிப் படுத்துக்கொண்டன. தீயை ஏற்றினால் இறுகும் என்று ஏற்றினார். கருகியது. புகை கூரைக்குப் போனது. கூரையிலிருந்த புகைமணி வீல் என்று அலற ஆரம்பித்தது.

நாற்காலியில் ஏறிப் பொத்தானைத் தேடினார். அகப்படவில்லை. சுத்தியல் அகப்பட்டது.

ஒரே அடியில் ஊர் அமைதியானது.

"ஓட்மார் ஐயா!" மேலிருந்து குரல் கீச்சிட்டது. "தீயணைப்பு வண்டியைக் கூப்பிடவா?"

"வேணாம்மா! எல்லாம் என் கட்டுப்பாட்டுல இருக்கு!"

"அதான் புகையா வருதே!" ஹெட்விக் உள்ளே ஓடினாள், மூச்சிரைக்கத் திரும்பினாள். "தீயைக் குறைங்க. கருகினதைத் தள்ளிட்டு, மிச்சத்தைப் பிழிஞ்சு சின்னச் சின்னதா உருட்டி, அந்தக் கிழங்குச் சாறுலயே போட்டு வேக விடுங்க."

"கிழங்குச் சாறா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெருமுனை வரைக்கும் வினிகர் வாசனை. எங்களுக்கு மூக்கு இல்லையா? ஒரு கேரட்டைத் துருவிப் போடுங்க, புளிப்பு அடங்கும். கடைசியில பாலாடை ஒரு கரண்டி."

இந்த அம்மாளுக்குள் இப்படியொரு சமையல் ஞானமா என்று ஓட்மார் அசந்துபோனார். சொன்னபடி செய்தார். உருண்டைகள் குண்டுகுண்டாக மேலே மிதந்து வந்தன. ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. அருமை என்றே சொல்லலாம். ஆனால் சாலட் இல்லை, சூப்.

பால்கனிக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஹெட்விக் அம்மா, அவ கேட்டது சாலட். இங்க ஆகியிருக்கிறது சூப். அவ பிரேமனுக்குப் போயிடுவா."

"அதுக்காகப் போவாங்களா என்ன?"

"போகணும். நான் பேசின பேச்சுக்குப் போகத்தான் வேணும்." ஓட்மார் தன் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். "யார் வேணா செய்யலாம்னு சொன்னேங்க! முப்பது வருஷத்துல ஒரு நாள் கிழங்கு உதிரலை, ஒரு உருண்டை கருகலை. வேலைக்கும் போயிட்டு வந்து, நின்னுக்கிட்டே செஞ்சா. ராத்திரிக்கு வெறும் ரொட்டியும் சீஸும்தான். அதுலயும் முள்ளங்கியை மெல்லிசா அரிஞ்சு, உப்புத் தூவி, நான் உட்காரும்போது தட்டு தயாரா இருக்கும். அது தானா வந்து நிக்குதுன்னு நினைச்சேன். என்ன கை அது! அந்தக் கைக்கு ஒரு தடவை 'நல்லா இருக்கு'ன்னு நான் சொன்னதில்ல."

எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால் அதுவே பெரிய பாராட்டு. ஓர் ஆண்பிள்ளை இப்படி வாய்விட்டுப் புகழ்ந்து அந்தக் கட்டடம் கேட்டதே இல்லை. ஹெட்விக் இந்த முறை உள்ளே ஓடவில்லை. மேலே யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஜலதோஷமா, அம்மா?"

"ஆமா... லேசா" என்றாள் ஹெட்விக்.

ஓட்மார் உள்ளே போய் மேஜையில் இரண்டு தட்டு வைத்தார். நடுவில் சூப்பை வைத்தார். வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தார். ஹெட்விக்கின் புருஷன் எக்கார்ட், வீட்டுச் செருப்போடு, பெரிய நீலப் பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"இது ரோஸ்விதா பெட்டியாச்சே! அவ இன்னும் ரயில்லதானே இருக்கா?"

எக்கார்ட் பெட்டியை உள்ளே இறக்கிவைத்து, மேஜையை எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து எங்க வீட்லதான் இருக்காங்க, இதோ பின்னாலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டு இறங்கி வர்றாங்க. எனக்கும் ஒரு தட்டு வைங்க ஐயா, எம் பொண்டாட்டிக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது!"