மஞ்சள் கவுனுக்கு வந்த பட்டர்ஃப்ளை

"ஏனப்பா சுடலை, இதுல பட்டர்ஃப்ளை எங்கப்பா?"

பனியன் நகரத்து ராயபுரத்தில் சின்னதாய்க் கம்பெனி நடத்தும் கிட்டுசாமி ஒரு கவுனை விரித்துப் பிடித்துக் கேட்டார். மழைக்காலம் முழுக்க மிஷின்கள் தூங்கியபின் வந்த ஒரே ஆர்டர், குழந்தைகளுக்கான மஞ்சள் கவுன். ஆர்டர் கொடுத்து, நேற்று நேரில் வந்து சரக்கைப் பார்த்துப்போன டென்மார்க் அம்மாள் விமானம் ஏறுமுன் சேதி அனுப்பியிருந்தார்: 'பட்டர்ஃப்ளை மிஸ்ஸிங். சரக்கோடு சேர்த்து அனுப்பவும்.' அப்புறம் அவர் போன் அணைந்துவிட்டது. நாளை காலை லாரி தூத்துக்குடி கிளம்பவேண்டும்.

"நெஞ்சுல பட்டாம்பூச்சிப் படம் கேக்காவ, முதலாளி. அடிச்சிருவோம்" என்றான் பிரிண்டிங் சுடலை.

மதியத்துக்குள் அத்தனை கவுனிலும் பட்டாம்பூச்சி உட்கார்ந்துவிட்டது. சாப்பாடு கொண்டுவந்த மகள் ஜனனி, ஃபேஷன் படிப்பவள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"பட்டர்ஃப்ளைன்னா படமில்லீங்கப்பா, கை! றெக்கையாட்டம் விரியுற பட்டர்ஃப்ளை ஸ்லீவுங்க."

"முன்னாலயே சொல்றதுக்கென்ன கண்ணு?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

கைகளைப் பிரித்தார்கள். மஞ்சள் துணி தீர்ந்திருந்தது. கிடந்த பச்சையில் அகலக் கை வைத்தார்கள். கை தொங்கிப் பட்டாம்பூச்சியை முழுசாய் மூடிவிட்டது.

செக்கிங் பழனியம்மாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பின்னால ரிப்பன் கட்டோணுமுங்க. அதுக்குப் பேருதானுங்க பட்டர்ஃப்ளை முடிச்சு."

கிட்டுசாமிக்கு யோசிக்கத் தெம்பில்லை. "அதையும் வெச்சுத் தைங்க, சாமி" என்றார்.

சிவப்பு ரிப்பன் ஏறியது. ரிப்பன் இழுத்த இழுப்பில் கழுத்து சுருங்கிப்போனது.

"இதுல கொழந்தைத் தலை நொழையுமா?" என்று கேட்டார்.

"பொம்மைக்குன்னா நொழையுமுங்க" என்றாள் பழனியம்மாள்.

கிட்டுசாமி மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்தார். ஊரில் இனி யார் முகத்தில் விழிப்பது? மிஷின்களை விற்றுவிட்டு யார் கம்பெனியிலாவது அயர்ன் போடப் போகவேண்டியதுதான். கண் கலங்கியது.

டென்மார்க் அம்மாளை ஏர்போர்ட்டில் விட்டுவந்த டிரைவர் முனீஸ், கைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்து நின்றான்.

"முதலாளி, அந்தம்மா வழிநெடுக நம்ம கவுன் சூப்பர் சூப்பர்னே வந்தாவ. பாவம், அவுக கொண்டையில மாட்டியிருந்த இந்த பட்டர்ஃப்ளை கிளிப்பு கார் சீட்டுக்கு அடியில விழுந்து கெடந்துச்சு. சரக்கோட சேத்து அனுப்பிருதியளா?"