ஆயிரம் சுற்று வளையமும் நோரீனின் தண்ணீரும்

மூன்று வருடமாக மழை இல்லை. எங்கள் வாரகுண்டி ஊருக்குக் கிளாரன்ஸ் விப்பிள் வந்தார். செம்புக் கம்பி வளையம், அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. நிலத்தடியில் தண்ணீர் ஓடினால் விளக்கு எரியுமாம். மழையைக் கொண்டுவராதவர்களை எல்லாம் திட்டிய மக்கள், விளக்கைக் கொண்டுவந்தவரைக் கும்பிட்டார்கள்.

கூலியாகப் பணம் வாங்க மாட்டார். மகான்! பண்ணைக்கு இரண்டு நல்ல கிடா மட்டும்.

ஒருநாள் ஆட்டுப்பண்ணைக்காரி நோரீன் டக்வெல்லின் நிலத்தில் நாற்பது பேர் கூடியிருந்தோம். கிணற்றுக்குத் துளைபோடும் லாரி ஒரே நாள்தான் நிற்கும். தப்பான இடத்தில் துளைத்தால் அறுநூறு ஆடும் சந்தைக்குப் போகும். அவளுக்கு வேறு வழியில்லை.

விப்பிள் இரண்டு நாள் முன்பே வந்து, "மண்ணோட தனியா பேசணும்" என்று பண்ணை வாசற்கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே தனியாக இருந்தார். இப்போது அவருடைய சொந்த லாரியில் ஜெனரேட்டர் உறுமியது. பீரைக் குளிரவைக்கவாம். வளையத்தை நிமிர்த்திப் பிடித்தார். விளக்கு எரிந்தது.

"அடேங்கப்பா!" என்றது கூட்டம்.

வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டிகளைப் பழுதுபார்க்கிற டல்சி பிராட்டன் முன்னால் வந்தாள். "ஐயா, அது எத்தனை சுத்து?"

"ஆயிரம் சுத்தும்மா. எங்க தாத்தா காலத்து ரகசியம்."

"வளையத்தை அப்படியே கால்வாசி திருப்புங்க."

திருப்பினார். விளக்கு அணைந்தது.

"தண்ணி கூச்சப்படுதும்மா."

"ஐயோ பாவம்!" என்றாள் டல்சி. "உங்க வெல்டிங் மெஷினை போன மாசம் ரிப்பேர் பண்ணினவ நான்தான். அந்த ஜெனரேட்டர் ஓடுறது பீருக்கில்ல, அதுக்குத்தான். நூறு ஆம்பியர். வினாடிக்கு நூறு தடவை திசை மாறுற கரண்ட். அந்த மாதிரி கரண்ட் ஓடுற வயருக்குப் பக்கத்துல கம்பி வளையத்தைக் காட்டினா, அதுல வோல்ட் தானா பிறக்கும். தண்ணி எதுக்கு?"

சுண்ணக்கட்டியால் விப்பிளின் லாரிக் கதவில் கணக்குப் போட்டாள். "தரையிலேருந்து அரை மீட்டர்ல இரண்டரை வோல்ட் வரணும். ஒரு மீட்டர்ல பாதிதான், ஒண்ணேகால். கால்வாசி திருப்பினா சுத்தமா ஒண்ணுமில்ல. வோல்ட் மீட்டரை நீயே பிடி, நோரீன்."

நோரீன் ஒவ்வொன்றாக அளந்து சத்தமாகப் படித்தாள். இரண்டு புள்ளி நான்கு. ஒன்று புள்ளி இரண்டு. பூஜ்யம்.

"தண்ணிக்கு எப்படிம்மா என் கணக்கு தெரிஞ்சுது?" என்று கேட்ட டல்சி, வளையத்தைப் பழையபடி நிமிர்த்தி விளக்கை எரியவைத்துவிட்டு, ஜெனரேட்டரை நிறுத்தினாள். நிலத்தடி நதி அந்த நொடியே வற்றிவிட்டது. மண்வெட்டியால் ஒரு விரற்கடை ஆழம் கிளறினாள். கறுப்பு வயர் எட்டிப் பார்த்தது.

விப்பிள் தன் லாரியை நோக்கி நடந்தார். நடை சீக்கிரமே ஓட்டமானது.

"நான் கொடுத்த கிடா ரெண்டும்?" என்று யாரோ கத்தினார்கள்.

"அது இருக்கட்டும், இந்த வளையம் தங்கத்தைக் காட்டுமா?" என்று பின்னால் இன்னொருவர் விசாரித்தார். அவரை நான் பெயர் சொல்லாமல் விடுகிறேன். என் மாமனார்.

"அப்ப தண்ணி எங்கதான்?" என்றாள் நோரீன்.

"தெரியாது. பக்கத்துப் பண்ணையில எந்தத் துளை வத்தலைன்னு கேட்டு, மேடுபள்ளம் பார்த்துத்தான் தேடணும்."

நோரீன் துளைக்காரரைப் போகவிடாமல் நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"என் ஆடுங்க புதுத் தொட்டியைப் பார்த்தா முகர்ந்து பார்த்துட்டுத்தான் வாய் வைக்கும். நாம கிடாவையும் கொடுத்துட்டு, முகராமலே குடிச்சிருக்கோம். இனிமே சந்தைக்கு யாரை அனுப்பணும்னு நீங்களே யோசிங்க."