எல்லாம் அண்ணன் பேரில்

"நான் எழுதினதுக்கு உன் பேரா?"

அண்ணன் நாற்காலியில் சாயாமல் கேட்டார். அவர் எந்த நாற்காலியிலும் சாய்ந்ததில்லை.

தம்பி திரையைப் பார்த்தான். உண்மைதான். நூலகங்களுக்காக அண்ணன் உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த நூல் அட்டவணை மென்பொருளின் இணையதளம் அது. பக்கங்களை வெளியிடும் பழைய அமைப்பு இந்த மாதத்தோடு நிற்கிறது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்து, எழுநூறு பக்கங்களையும் தம்பி புது அமைப்புக்கு மாற்றியிருந்தான். புது அமைப்போ மாற்றியவனையே எழுதியவனாக எடுத்துக்கொண்டது.

"பத்து நிமிஷம் கொடுங்கண்ணா. எல்லாத்தையும் உங்க பேருக்கு மாத்திடறேன்."

"மாத்து. பேரை விட்டுக்கொடுத்த பரம்பரை இல்ல நாம."

விட்டுக்கொடுக்கத்தான் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன், கூடவே உழைத்த அக்கா வீட்டுக்காரரின் பேரை அண்ணன் முகப்பிலிருந்து எடுத்தார். ஒரு மன்னிப்புக்காக அத்தான் ஆறு மாதம் காத்திருந்தார். வரவில்லை. மென்பொருளையும் தளத்தையும் அப்படியே நகல் எடுத்துக்கொண்டு தனிக்கடை போட்டார். அன்றிலிருந்து அக்காவும் இந்தப் படியை மிதிக்கவில்லை. ஆனாலும் அண்ணனும் அத்தானும் ஒருவர் தளத்துக்கு மற்றவர் சந்தாதாரர். எதிரி என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டாமா?

தம்பி 'அனைத்தும்' என்ற கட்டத்தைச் சொடுக்கினான். பக்கங்களோடு, அவற்றின் கீழே வாசகர்கள் பதினான்கு வருஷமாகப் போட்ட கருத்துகளும் அண்ணன் பேருக்கு மாறின. அவர் படத்தோடு.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "'இதை எழுதினவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?' இதை நானா எழுதினேன்?"

வாசலில் நின்ற அண்ணி எட்டிப் பார்த்தாள். "'ரெண்டு நாள் உழைப்பு போச்சு, இந்தச் சனியனை யாரும் தொடாதீங்க.' இதுவும் நீங்கதாங்க. உள்ளதைத்தான் எழுதியிருக்கீங்க."

"நீ உள்ளே போ."

அண்ணி போகவில்லை. தம்பி கருத்துகளை ஒவ்வொன்றாக மறைக்கத் தொடங்கினான். மறைக்க மறைக்க, "அண்ணனின் கருத்தில் மாற்றம்" என்கிற மாதிரித் தலைப்பில், மறைத்ததை முழுசாக உள்ளே வைத்து, சந்தாதாரர் இரண்டாயிரம் பேருக்கும் அமைப்பு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. நாற்பது போன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அண்ணனின் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து வந்திருந்தது.

"பெரியப்பா மகன் கேக்கறான்டா, எனக்கு உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சான்னு!"

தம்பி களைத்துப்போயிருந்தான். இதோடு தலைமுழுகிவிடலாம் என்று இரண்டே வரி எழுதி வெளியிட்டான்: "நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு நானே. மனம் நொந்தவர்கள் மன்னிக்க வேண்டும்."

அதுவும் அண்ணன் பேரில் போனது.

"மன்னிப்பா? நானா? மூணு தலைமுறையா இந்த வீட்டுல ஒருத்தரும் கேட்டதில்லடா! திரும்ப வாங்கு!"

"போனது போனதுதாண்ணா."

கைபேசி மறுபடி அதிர்ந்தது. அண்ணன் எடுத்துப் பார்த்தார். முதல்முறையாக அவர் முதுகு நாற்காலியைத் தொட்டது.

"மாப்பிள்ளை தளத்திலேருந்து. அவர் பேர்லயே." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "'தவறு எங்கள் பக்கம்தான். பொறுத்தருள வேண்டும்'னு எழுதியிருக்கார்."

அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? நான் ரெண்டு வரி எழுதினதும் மனுஷன் உருகிட்டார்."

"நீங்களா எழுதினீங்க?" என்றாள் அண்ணி.

"என் பேர்லதானே இருக்கு? டேய், அதை அழிக்காதே. முகப்புல மாப்பிள்ளை பேரைப் போடு. ரெண்டு பேரையும் மத்தியானம் சாப்பிட வரச் சொல்லு."

தம்பி கூடத்துக்குப் போய் அக்காவைக் கைபேசியில் அழைத்தான். அவள் ரகசியக் குரலில் பேசினாள்.

"அத்தான் அங்க வரச் சட்டையே மாட்டிட்டார்டா. அண்ணா வாயிலேருந்து மன்னிப்பு வந்துடுச்சாம், கண்ணைத் துடைச்சுக்கறார்."

"அத்தானும் எழுதியிருக்காரேக்கா. அண்ணா அப்படியே இளகிட்டார்."

அக்கா குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"சின்னவனே, அண்ணாகிட்ட மூச்சு விட்டுடாதே. காலையிலதான் எங்க தளத்தையும் புது அமைப்புக்கு மாத்தினேன். பக்கமெல்லாம் திறக்கலைன்னு வாசகர்களுக்கு நான் போட்ட அறிவிப்புடா அது. எதை எழுதினாலும் இவர் பேர்லதான் போய்த் தொலையுது."