நான் விலைகொடுத்து வாங்கிய ஓட்டைகள்

யோசிக்காமல் செய்த தவறை எல்லோரும் மன்னித்துவிடுவார்கள். நன்றாக யோசித்து, கட்டம் போட்டு, மதிப்பெண் கொடுத்துச் செய்த தவறுக்கு மன்னிப்புக் கிடைப்பது கடினம். என்னுடையது இரண்டாவது வகை.

பெயிண்ட் பூசிய இரும்புத் தகடுகள் உப்புக்காற்றில் எவ்வளவு காலம் தாங்கும் என்று ஆய்வகத்தில் சோதிப்பது என் வேலை. (கல்யாண வீடுகளில் "என்ன சோலி மக்கா?" என்று கேட்பவர்களிடம் "துரு பார்க்கிறேன்" என்று முடித்துக்கொள்வேன்.) கையில் கொஞ்சம் சம்பளம் மிஞ்சத் தொடங்கியதும், எனக்கென்று ஒரு கலைச் சேகரிப்பு வேண்டும் என்ற ஆசை வந்தது. மற்றவர்கள் மனதுக்குப் பிடித்த ஒரு படத்தை வாங்கித் தொடங்குவார்களாம். எனக்கு அது ஒழுங்கற்ற முறையாகப் பட்டது. எந்த வகைக் கலைப்பொருளைச் சேகரிப்பது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மனதுக்குப் பிடிப்பதெல்லாம் அதற்கப்புறம்.

குளச்சலில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டே தெரு. அந்தக் காற்றில் எது பிழைக்கும் என்பதே என் முதல் கேள்வி. நீர்வண்ணம்: காகிதம் ஊதும், பூஞ்சை பிடிக்கும். மரச்சிற்பம்: கறையானுக்கு விருந்து. வெண்கலம்: பச்சை பூக்கும், தவிர சுவர் தாங்காது. புகைப்படம்: கண்ணாடிக்குள் வியர்க்கும். எண்ணெய் ஓவியம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, விலை என்ற கட்டம் வரும்வரை. இந்த லட்சணத்தில் ஆறு மாதம் போனது. ஒரு சுவரையும் நான் அலங்கரிக்கவில்லை.

அப்போதுதான் நாகர்கோவிலில் ஒரு கண்காட்சியில் ஷீபாவின் வேலையைப் பார்த்தேன். ஷீபா பக்கத்திலுள்ள கருங்கல் ஊர்க்காரி, என் வயதுதான். கடலடிப் பாறையில் சிக்கிக் கிழிந்து மீனவர்கள் தூக்கிப்போட்ட நைலான் வலைகளைத் தேடி வாங்கி, மூங்கில் சட்டத்தில் விரித்துக் கட்டியிருந்தாள். பின்னால் வெள்ளைத் துணி. ஒரு வலையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றி அறுந்த நூல்கள், எதையோ பிடிக்கப் போய் விட்டுவிட்ட விரல்கள் மாதிரி. நான் என் கட்டங்களையெல்லாம் மறந்து அதன் முன்னால் நின்றேன்.

"நான் ஒரு நூலக்கூட வெட்டல," என்றாள் ஷீபா. "எல்லாம் கடல் செஞ்சது. வலையப் பாக்காதீங்க, ஓட்டையப் பாருங்க. அதுதான் படம்."

நினைவு வந்து கட்டங்களுக்குத் திரும்பினேன். நைலான். உப்புக்குப் பயமில்லை, கறையான் தொடாது, எடையும் இல்லை. என் மனதும் என் கட்டங்களும் முதன்முறையாக ஒத்துப்போயின. வாங்கிவிட்டேன். ஷீபா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் அவளுடைய முதல் தனிக் கண்காட்சி. அதற்கு இந்த வலைதான் நடுநாயகம். அப்போது இரவல் தர வேண்டும்.

"பத்திரமா வச்சிருப்பீங்கல்லா?"

"அதுதான் என் தொழிலே," என்றேன். (இதைச் சொன்ன வாயை இன்னும் நான் மன்னிக்கவில்லை.)

சனிக்கிழமை வலையை முன்னறையில் மாட்டினேன். அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏட்டி, நாலு பேரு வந்து போற வீடு. வலை பின்ன ஆளில்லாத வீடுன்னுல்லா சொல்லுவானுவ?"

அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அவருக்கு உட்காரவைத்து வகுப்பெடுத்தேன்: இது கலைப்பொருள், இதன் சிறப்புகள் ஒன்று, இரண்டு, மூன்று, அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் பெரிய பெரிய ஆட்கள் வந்து பார்ப்பார்கள். அப்பா வலையைப் பார்த்தபடி, "பெரிய ஆளுகளா?" என்று மட்டும் கேட்டார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் கடற்கரையில் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. காலையில் மாதா கோயிலில் பூசை, அப்புறம் வலை பின்னுவது. நான் மார்த்தாண்டத்தில் ஒரு தோழியின் கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். முன்னறையில் அப்பா பிறந்தநாள் குழந்தை போல உட்கார்ந்திருந்தார்.

சுவரில் ஓட்டை இல்லை.

"எங்க பின்னுனேன்னு கண்டுபிடி மக்கா, பாப்போம்."

கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய நூலாகத் தேடிப் பின்னியிருந்தார்.

"அப்பா, அந்த ஓட்டைதாம்பா படம்!"

"ஓட்டைக்கா நீ ரூவா குடுத்த?" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து.

அப்பாவின் முகம் மெல்ல இறங்கியது. "பெரிய ஆளுக பாக்க வருவாங்கன்னு நீதானே சொன்ன? கிழிஞ்சத கொண்டுபோயி எம்மவ அங்க நாணங்கெட்டு நிக்கணுமா?"

உப்புக்குக் கட்டம் போட்டிருந்தேன். பூஞ்சைக்கும் கறையானுக்கும் போட்டிருந்தேன். அக்கறையுள்ள அப்பாவுக்குப் போடவில்லை.

ஷீபாவுக்குப் போன் செய்து "ஒரு சின்ன மாற்றம்" என்றேன். ஸ்கூட்டரில் வந்தாள். வலையின் முன் வெகுநேரம் நின்றாள். நான் கையில் கத்தரிக்கோலும் கைபேசியுமாக, "என்னிடம் பழைய ஓட்டையின் போட்டோ இருக்கிறது, அதே அளவில் வெட்டிவிடலாம்" என்றேன்.

"அது கத்தரிக்கோல் ஓட்டை," என்றாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா வாசலில் வந்து நின்றார். "நல்லாருக்கா மக்கா?"

ஷீபா அவரைப் பார்த்தாள். அவர் விரல்களைப் பார்த்தாள். "நல்லா பின்னிருக்கீங்க மாமா," என்றாள். அம்மா கொண்டுவந்த சாயாவை முழுதும் குடித்தாள். பிறகு தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தி அழுதாள். பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

"என் பேரு மட்டும் அதுல வேண்டாம்," என்றாள். சட்டத்தில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை நானே உரித்தெடுத்தேன். திருவனந்தபுரத்தில் அவளுடைய கண்காட்சி நடந்தது. நடுச்சுவரை அவள் காலியாகவே விட்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். அந்தச் சுவரின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். அவள் என்னோடு பழையபடி பேச ஒரு வருடத்துக்கு மேலானது.

பெயர்ச்சீட்டை உரித்த மறுநாளே அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ இது இப்ப வெறும் வலைதானே மக்கா?"

ஆம் என்றேன். சட்டத்திலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். முதல் நாளே அந்த வலை சாளை மீனை வாரிக்கொண்டு வந்தது.

இன்றும் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் முன்னறையில் வலை மாட்டியிருந்த ஆணிகளைப் பார்த்துவிட்டு, "இங்க என்னவோ படம் மாட்டிருந்தாளாமே, எங்க?" என்று கேட்பதுண்டு. அம்மா மீன் கழுவுகிற கையை நிறுத்தாமல் சொல்வாள்:

"கடலுக்குப் போயிருக்கு. மத்தியானம் வந்துரும், இருங்க."